கேமில் இல்லாத டிரைவர்

பௌர்ணமியன்று பள்ளிக்கூடம் வைப்பவர்களை அருணாதேவி மனசுக்குள் திட்டாத மாதம் கிடையாது. கிரிவலப் பாதையில் காலையிலேயே கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். அடி அண்ணாமலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு செங்கம் சாலைக்கு வந்து சேர்வதற்குள் போலீஸ்காரர் ஒரு பக்கம் கை காட்டுவார், ஆட்டோக்காரர் இன்னொரு பக்கம் மூக்கை நுழைப்பார். அன்றைக்கும் அப்படித்தான் வேன் நடுரோட்டில் நின்றது. எதிரே தண்ணீர் லாரி, பின்னால் இரண்டு டூரிஸ்ட் பஸ். நகர வழியில்லை. அருணாதேவி இன்ஜினை அணைத்தாள்.

வண்டி நின்றால் பிள்ளைகளின் வாய் ஓடத் தொடங்கிவிடும். ஜன்னலோரச் சண்டை, தண்ணீர் பாட்டில் சண்டை. பொறுக்க முடியாமல் தன் போனை எடுத்து நாலாம் வகுப்பு கவிநிலாவிடம் கொடுத்தாள். "எல்லாருமா சேந்து எதனா பாருங்க. சத்தம் மட்டும் வரக்கூடாது."

கவிநிலா கெட்டிக்காரி. பார்ப்பதற்குப் பதிலாக 'நம்ம ரூட்டு' என்ற பஸ் ஓட்டும் கேமை இறக்கிவிட்டாள். நம்மூர் ரோடு மாதிரியே ரோடு, நம்மூர் பஸ் மாதிரியே பஸ். பிள்ளைகள் அவள் தோளில் தொத்திக்கொண்டார்கள். அருணாதேவியும் சீட்டில் திரும்பி உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். திரையில் ஆள் தேர்வு செய்யும் இடம் வந்தது. மீசைக்காரர் ஒருவர், தொப்பைக்காரர் ஒருவர், கூலிங் கிளாஸ் போட்ட இளவட்டம் ஒருவன்.

"லேடி டிரைவர் இல்லியா?" என்றாள் அருணாதேவி.

கவிநிலா நிமிராமலே பதில் சொன்னாள். "லேடீஸ்லாம் பஸ்ல ஏறுவாங்கக்கா. ஓட்ட மாட்டாங்க. டிரைவர்னா ஆம்பளதான்."

"அப்ப நா யாரு?"

அந்தப் பெண் இப்போதுதான் தலையைத் தூக்கினாள். காக்கிச் சட்டை, ஸ்டீயரிங், அதன்மேல் கிடந்த கை எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள். ஒரு குழப்பமும் அவள் முகத்தில் இல்லை. "நீங்க வேன் அக்கா," என்று சொல்லிவிட்டு மீசைக்காரரைத் தொட்டாள்.

முன்னால் தண்ணீர் லாரி நகர்ந்தது. அருணாதேவி சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பினாள். ஆனால் அந்தப் பேச்சு அவளை விட்டுப் போகவில்லை.

அவள் பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம். நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிற வீடு. வீட்டில் டிராக்டர் இருந்தது. அண்ணன்கள் இரண்டு பேரும் மீசை முளைக்கும் முன்பே அதை ஓட்டப் பழகினார்கள். அருணாதேவிக்கு மட்கார்டில் உட்கார்ந்து வர மட்டும்தான் அனுமதி. அதிலிருந்தே கியர் எந்தப் பக்கம் போகிறது, கிளட்ச்சை எப்போது மிதிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வருவாள். கேட்டால், "உனக்கு எதுக்கு?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

கல்யாணமாகி அடி அண்ணாமலைக்கு வந்தபோது கணவன் அர்ஜுனனிடம் ஒரு வேன் இருந்தது. வெளியூர் பக்தர்களை ஏற்றி இறக்கும் வேலை. நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அவனுக்கு முதுகுத் தண்டில் வட்டு விலகி, இனிமேல் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேனை விற்றுவிடலாம் என்று எல்லாரும் யோசனை சொன்னார்கள். "நா ஓட்றேன்," என்றாள் அருணாதேவி. படுத்திருந்த அர்ஜுனன் அவள் பக்கம் தலையைத் திருப்பினான். "சரி, ஆனா நா பக்கத்துல ஒக்காந்து கத்தினா கோச்சிக்கக் கூடாது," என்றான். கத்தவும் செய்தான். அவள் கோபித்துக்கொள்ளவும் செய்தாள். லைசென்ஸ் வாங்கிய கையோடு பள்ளிக்கூட வேலையும் கிடைத்தது. பெண் ஓட்டும் வேன் என்று முதலில் தயங்கிய தாய்மார்களே பிறகு அவள் வண்டியில் இடம் கேட்டு வந்தார்கள். அர்ஜுனன் இப்போது ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறான்.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை அவளுக்கு வேலை கம்மி. வேனைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, டிபன் பாக்ஸைக் காலி செய்துவிட்டு, கொஞ்சம் கண்ணயர்வாள். அந்தப் பௌர்ணமிக்குப் பிறகு தூக்கம் போய் 'நம்ம ரூட்டு' வந்தது. தொப்பைக்காரரைத் தேர்ந்தெடுத்து, பஸ்ஸைக் கிளப்பினாள்.

நிஜ வண்டியில் பழம் தின்று கொட்டை போட்டவள் போனில் தோற்றுப்போனாள். கைக்கு ஸ்டீயரிங்கின் கனம் இல்லை, காலுக்கு பிரேக் இல்லை. கட்டைவிரலை லேசாகத் திருப்பினால் பஸ் முழுசாகத் திரும்பியது. முதல் நாள் ஏரிக்குள் போய் விழுந்தாள். அடுத்த நாள் டீக்கடைக்குள். பஸ்ஸில் இருந்த பயணிகளை அப்போதுதான் கவனித்தாள். பெண்கள் எல்லாரும் ஒன்று கூடை வைத்திருந்தார்கள், இல்லாவிட்டால் இடுப்பில் குழந்தை. சடன் பிரேக் போட்டால் ஆண் பயணிகள், "பாத்து ஓட்டுப்பா," என்பார்கள். பெண்கள் வீல் என்று அலறுவார்கள். அலறுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வசனமே எழுதப்படவில்லை. நடுரோட்டில் மறித்து மாமூல் கேட்கும் ரௌடி ஒருவன் வருவான். லுங்கி கட்டியிருப்பான். கேமிலேயே கறுப்பான ஆள் அவன் ஒருவன்தான்.

கொஞ்சம் பழகியதும் கான்வாயில் சேர்ந்தாள். பத்துப் பதினைந்து பேர் அவரவர் போனில் இருந்தபடி வரிசையாகப் பஸ் ஓட்டிக்கொண்டு போவதுதான் கான்வாய். பேசிக்கொள்ளவும் செய்யலாம். திருவண்ணாமலை மாவட்டத்து ஆட்களுக்கென்று ஒரு குழு இருந்தது. அதன் தலைவர் பெயர் சக்கரபாணி. எல்லாரும் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். கனத்த குரல். மதியம் ஒரு மணி வாக்கில் அவர் வந்துவிட்டால் கான்வாய் புறப்படும்.

அருணாதேவி முதல் தடவை வாயைத் திறந்து, "முன்னாடி வண்டி, கொஞ்சம் லெஃப்ட்ல ஒதுங்குங்க," என்றாள்.

"சிஸ்டர், தம்பி போன எடுத்து பேசறீங்களா?" என்றார் கேப்டன்.

"இல்லிங்க, என் போன்தான். நாந்தான் ஓட்றேன்."

யாரோ சிரித்தார்கள். இன்னொருவன், "சமையல் கேம் ஒண்ணு நல்லாருக்கும் சிஸ்டர், லிங்க் அனுப்பவா?" என்று கேட்டான். பதில் சொல்ல நினைத்த நேரத்தில் அவள் பஸ் முன்னால் போனவனின் பின்பக்கம் மோதியது.

"பாத்தீங்களா," என்றார் கேப்டன், ரொம்ப அன்பாக. "லேடீஸ் ஓட்டுனா இப்டித்தான். பரவால்ல, நீங்க கடைசில வாங்க."

அவளும் சேர்ந்து சிரித்துவிட்டாள். ஆனால் தினமும் அதே கதையாக இருந்தது. வேறு எவனாவது பஸ்ஸைக் கவிழ்த்தால் நெட் ஸ்லோ என்பார்கள். போன் பழசு என்பார்கள். அருணாதேவி தடுமாறினால் மட்டும் அது லேடீஸ். தன்னையறியாமல் அவள் தானாகவே கடைசியில் போக ஆரம்பித்தாள். முந்த இடம் கிடைத்தாலும் முந்தவில்லை. பேசுவதையும் குறைத்துக்கொண்டாள்.

இது போனோடு நின்றிருந்தால் கதை வேறு. ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்துச் சந்தில் வேனைப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. அவள் தினமும் எடுக்கிற ரிவர்ஸ்தான். கண்ணைக் கட்டினாலும் எடுப்பாள். சந்துமுனையில் நாலைந்து ஆண்கள் பைக்கில் சாய்ந்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் சொல்லக்கூட இல்லை. அவள் காதுக்குள் மட்டும், "லேடீஸ் ஓட்டுனா இப்டித்தான்," என்று அந்தக் கனத்த குரல் கேட்டது. கை ஒரு நொடி தயங்கியது. பக்கத்திலிருந்த இளநீர் வண்டியில் வேன் இடித்து, இளநீர்க் காய்கள் ரோடெல்லாம் உருண்டன.

யாருக்கும் அடியில்லை. பிள்ளைகள் இறங்கி ஓடி ஓடிக் காய்களைப் பொறுக்கிக் கொடுத்தார்கள், அவர்களுக்கு அது திருவிழா. இளநீர்க்காரரும், "உடும்மா, காயி உருள்றது சகஜந்தான்," என்று விட்டுவிட்டார். அருணாதேவிதான் வீடு வரும்வரை மூன்றாவது கியருக்கு மேல் போடவில்லை.

அர்ஜுனனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் காய்ந்த துணிகளை மடித்தபடியே கேட்டான். "அந்த கேம அழிச்சிட வேண்டியதுதான? இன்னாத்துக்கு இந்த ரோதன?"

"நா அழிச்சா போதுமா? வேன்ல பொட்டப் புள்ளிங்க அத ஆடுதுங்களே. கவனிச்சியா நீ? பசங்க டிரைவர் சீட்ட புடிச்சிக்கிறானுங்க. இதுங்க கண்டக்டரா விசில் ஊதற வேலைக்குப் போவுதுங்க. நா ஓட்ற வண்டில ஒக்காந்துக்கினே."

அர்ஜுனன் மடித்த சட்டையை மறுபடி பிரித்தான். யோசனை வந்தால் அவன் அப்படித்தான். "செங்கம் ரோட்ல ஒரு செல்போன் கடைப் பையன் இருக்கான், கலையரசன்னு. நம்மூர் டவுன் பஸ்ஸ அப்டியே கேமுக்குள்ள போட்றானாம். எங்க கடைல பேசிக்கினாங்க. அவன கேட்டுப் பாரேன்."

மறுநாளே போனாள். கலையரசன் இன்ஜினியரிங் முடித்துவிட்டுச் சொந்தமாக ரிப்பேர் கடை வைத்திருந்தான். கேமில் இருக்கும் வெறும் பஸ்ஸுக்கு ஊர் பஸ்ஸின் நிறமும் பெயரும் மாலையும் போட்டு இணையத்தில் விடுவது அவன் பொழுதுபோக்கு. அதற்கு ஸ்கின் என்று பெயர். வேண்டியவர்கள் இறக்கித் தங்கள் கேமில் மாட்டிக்கொள்வார்கள்.

"டிரைவரயும் மாத்தலாங்க்கா. யாரும் கேட்டதில்ல, அதான் பண்ணல," என்றான். "லேடி டிரைவர்தான? மூணு நாள்ல ரெடி."

சொன்னபடி ரெடியாகவே இருந்தது. அருணாதேவி திரையைப் பார்த்தாள். இறுக்கிப் பிடித்த பேன்ட், காற்றில் பறக்கும் கூந்தல், உதட்டில் சிவப்பு, காலில் சாண் உயரத்துக்கு ஹீல்ஸ்.

"இந்தச் செருப்ப போட்டுக்கினு கிளட்ச்ச எப்டிப்பா மிதிக்கிறது?"

கலையரசன் தலையைச் சொறிந்தான். "கேம்ல லேடின்னா இப்டித்தாங்க்கா இருக்கும். ரெடிமேடா கெடைக்கிற பொம்மைங்க எல்லாமே இதான். இல்லனா கூடைக்காரம்மா."

"கூடைய எறக்கி வெச்சிட்டு அவங்களையே ஏத்தி வுடேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நிஜமாகவே அதைத்தான் செய்தான். கூடைக்கார அம்மாவின் இடுப்பிலிருந்து கூடையை எடுத்து, சுடிதாரும் அதன்மேல் காக்கிச் சட்டையும் மாட்டினான். அருணாதேவியை வேனிலேயே உட்கார வைத்து நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டான். கை எங்கே இருக்கும், கண்ணாடியைப் பார்க்கத் தலை எவ்வளவு திரும்பும் என்று கேட்டுக் கேட்டுச் செய்தான். கொண்டை வந்தது. மூக்குக் கண்ணாடி வந்தது. வியர்வை துடைக்கத் தோளில் ஒரு துண்டு வந்தது. நிறம் மட்டும் கோதுமை மாவு மாதிரி வெளேரென்று இருந்தது.

"என் நெறத்தப் போடு."

கலையரசன் தயங்கினான். "கறுப்பு போட்டா ரௌடி மாதிரி தெரியுமோன்னு..." என்று ஆரம்பித்தவன், தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு பாதியிலேயே நிறுத்தினான். அவனும் அவள் நிறம்தான். மவுஸை நகர்த்தி நிறத்தைக் கூட்டினான். திரையில் இருந்தவள் இப்போது யாரோ தெரிந்த மனுஷி மாதிரி ஆகிவிட்டாள்.

"பேரு இன்னா வெக்கலாம்?"

"வேன் அக்கான்னு வெய்யி," என்றாள் அருணாதேவி.

கலையரசனுக்கு வியாபார புத்தி உண்டு. வெறுமனே பெண் டிரைவரை விட்டால் எவனும் இறக்கமாட்டான் என்று அவனுக்குத் தெரியும். அதனால் திருவண்ணாமலை பிரைவேட் பஸ்களின் ஏர் ஹாரன் சத்தத்தை ரோட்டில் நின்று பதிவு செய்து அதோடு சேர்த்துவிட்டான். ஹாரன் வேண்டும் என்றால் வேன் அக்காவும் வருவாள். பையன்கள் ஹாரனுக்கு ஆசைப்பட்டு அள்ளிக்கொண்டு போனார்கள். ஆசை தீர ஊதிய பிறகு, சீட்டில் இருந்த அம்மாளை எடுக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரே வாரத்தில் மாவட்டம் பூராவும் காக்கிச் சட்டை போட்ட பெண்கள் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்கின்னுக்குக் கீழே வந்து விழுந்த கமெண்டுகளைக் கலையரசன் படித்துக் காட்டினான். "இது ஒரு டிரைவரா?" என்று சிலர் எழுதியிருந்தார்கள். "எங்கம்மா மாதிரியே இருக்காங்க, ஸ்பீடா போக பயமா இருக்கு," என்று ஒருவன் எழுதியிருந்தான். போளூரிலிருந்து ஒரு பெண், தான் இதுவரை ஆணின் பெயரில் ஆடிவந்ததாகவும் இனி சொந்தப் பெயரில் வரப்போவதாகவும் எழுதியிருந்தாள். அதை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னாள் அருணாதேவி.

வேனில் அதைக் காட்டியபோது கவிநிலா போனை அருணாதேவியின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "அக்கா, இது நீங்க," என்றாள். "அப்ப நீங்க டிரைவரா?"

"இவ்ளோ நாளா இன்னான்னு நெனச்ச?"

பின் சீட்டில் அன்று சண்டை வந்தது. கேமில் டிரைவர் சீட்டுக்காக இரண்டு பெண் பிள்ளைகள் முடியைப் பிடித்துக்கொண்டார்கள். அருணாதேவி வண்டியை ஓரம் கட்டி இருவரையும் அதட்டினாள். அதட்டும்போதே உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தாள்.

கான்வாய்க்கும் அவள் திரும்பப் போனாள். புளியமரத்தடியில் தினமும் ஓட்டி ஓட்டிக் கட்டைவிரல் பழகியிருந்தது. இடம் கிடைத்தபோது ஹாரன் அடித்துவிட்டு முந்தினாள். அப்போதும் ரிவர்ஸில் ஒரு கம்பத்தை இடித்தாள். "நெட் ஸ்லோ," என்று அவளே சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேப்டன் சக்கரபாணியிடமிருந்து போன் வந்தது. நம்பரைக் கலையரசனிடம் வாங்கியிருந்தார். சன்னதித் தெருப் பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருப்பதாகச் சொன்னார். நேரில் பார்க்க முடியுமா என்று கேட்டார். அர்ஜுனனையும் கூட்டிக்கொண்டு போனாள். கனத்த குரலுக்கு ஏற்ற ஆளை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு, கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். காபி வரவழைத்தார். காபி ஆறும்வரை கிரிவலக் கூட்டத்தைப் பற்றியே பேசினார்.

"கலையரசன் சொன்னான், நீங்க நெஜமாவே ஸ்கூல் வேன் ஓட்றீங்கன்னு," என்றார் கடைசியில். "எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சிங்க. ஏன்னா எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

"பஸ்ஸா?"

"எதுவுமே. ஸ்கூட்டி கூட. சின்ன வயசுல ஒரு தடவ விழுந்தேன், அதோட பயம். ஊர்ல எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சாவிய எங்கிட்ட நீட்டுவாங்க. ஆம்பளதான, ஓட்டுவான்னு. தெரியாதுன்னா சிரிப்பாங்க. எங்க வீட்டுக்காரம்மா ரேவதிதான் ஸ்கூட்டி ஓட்டுவாங்க. நா பின்னாடி ஒக்காந்தா தெருவே பாக்கும். அதனால நடந்தே போயிடுவேன். கேம்ல வந்ததும் கேப்டன்னு கூப்ட்டாங்க. அத விட்டுக் குடுக்க மனசு வரல. உங்கள அப்டிப் பேசினது தப்புங்க."

அருணாதேவி கோபத்தோடுதான் வந்திருந்தாள். நாலு வார்த்தை கேட்கலாம் என்று மனசில் கோத்தும் வைத்திருந்தாள். அந்த மனிதர் காபி டம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்புவதைப் பார்த்ததும் அது எங்கேயோ போய்விட்டது.

"கத்துக்கிறீங்களா?" என்றாள்.

அவர் பதறினார். "இந்த வயசுலயா? யாராவது பாத்தா?"

"பாக்கட்டும்," என்றான் அர்ஜுனன். "ஆனா இவ பக்கத்துல ஒக்காந்து கத்தினா கோச்சிக்கக் கூடாது. இவகிட்ட கத்துக்கறது செரமம்."

பழைய கார் ஒன்றை அர்ஜுனன் தன் கூட்டாளியிடம் கேட்டு வாங்கினான். ஞாயிறு காலையில் ஈசானிய மைதானத்தில் பாடம் நடந்தது. சக்கரபாணி ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். கார் குதித்தது, அணைந்தது, மறுபடி குதித்தது. "கிளட்ச்ச மெதுவா விடுங்க. மெதுவான்னா மெதுவா," என்று அருணாதேவி பக்கத்து சீட்டிலிருந்து அதட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரம் அவர் இன்ஜின் அணையாமல் மைதானத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டார். ஒரு வெள்ளாடு மட்டும் எழுந்து வழிவிட வேண்டியிருந்தது.

கார் நின்றதும், காலை நடைக்கு வந்த ஒரு பெரியவர் ஜன்னலோரம் குனிந்தார். உள்ளே பார்த்தார். டிரைவர் சீட்டில் கண்ணாடி போட்ட ஆண், பக்கத்தில் ஒரு பெண். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நல்ல வேல சார்," என்றார் சக்கரபாணியிடம். "அம்மாவுக்கு நல்லா சொல்லிக் குடுங்க. லேடீஸ் கத்துக்கறது நல்லதுதான். ஆனா பொறுமையா சொல்லணும், அவங்களுக்குப் பயம் ஜாஸ்தி."

அருணாதேவி நேராக மைதானத்தைப் பார்த்தாள். சக்கரபாணிக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் அந்த இடத்தில் சுகமாகத்தான் இருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இல்லிங்க," என்றார். "கத்துக்கறது நானு. டீச்சர் இவங்க. எனக்குத்தான் பயம் ஜாஸ்தி."

பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்.

"சரி, எடுங்க," என்றாள் அருணாதேவி. "இப்ப ரிவர்ஸ்."